செறாயி மிசிரபோஜனம்: ஒரே பந்தியின் வரலாறு

செறாயி மிசிரபோஜனம் என்பது 1917 மே 29 அன்று, அன்றைய கொச்சி அரசின் வைப்பின் தீவில் உள்ள செறாயி என்னும் ஊரில் நடைபெற்ற பொது விருந்து. ஈழவர்களும் புலையர்களும் ஒரே பந்தியில் அமர்ந்து ஒன்றாக உண்டதே அதன் சிறப்பு. அதை ஏற்பாடு செய்தவர், பின்னாளில் சகோதரன் ஐயப்பன் என்று அறியப்பட்ட கே. ஐயப்பன். சோறும் ஒரு தொடுகறியும் மட்டுமே பரிமாறப்பட்ட எளிய சாப்பாடு அது. ஆயினும் அதில் உண்டவர்கள் சொந்தச் சாதியாரால் விலக்கி வைக்கப்பட்டனர். ஐயப்பன் ‘புலையன் ஐயப்பன்’ என்று ஏசப்பட்டார். கேரளச் சமூகச் சீர்திருத்த வரலாற்றில் இந்த விருந்து ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் இதே பந்திக் கேள்வி தமிழகத்தில் சேரன்மாதேவியில் எழுந்து, தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது.

பெயரும் பொருளும்

மிசிரம் என்ற சொல்லுக்குக் கலப்பு என்று பொருள். மிசிரபோஜனம் என்றால் பல சாதியினரும் கலந்து உண்பது. கேரளத்தில் இதைப் பந்திபோஜனம் என்றும் சொல்வதுண்டு. தமிழில் சமபந்தி, சமபந்தி போஜனம் ஆகிய சொற்கள் வழக்கில் உள்ளன. பந்தி என்பது விருந்தில் உண்போர் அமரும் வரிசை. சமபந்தி என்றால் மேல் கீழ் இல்லாத ஒரே வரிசை.

அன்னதானத்தையும் சமபந்தியையும் ஒன்றாக எண்ணுவது வழக்கம். இரண்டும் பெருந்திரளுக்குச் சோறிடுவதுதான். ஆனால் அவற்றின் அமைப்பு வேறு. அன்னதானத்தில் கொடுப்பவர் நின்று பரிமாறுகிறார், பெறுபவர் அமர்ந்து உண்கிறார். கொடுப்பவர் பெறுபவருடன் உண்ண வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சமபந்தியில் அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து உண்ண வேண்டும். பசியைத் தீர்ப்பது முன்னதன் நோக்கம். பிறப்பால் வந்த வரிசையைக் கலைப்பது பின்னதன் நோக்கம். செறாயியில் நடந்தது இரண்டாவது வகை. அதனால்தான் பெரும் பொருட்செலவில் நடந்த அன்னதானங்கள் எழுப்பாத கொந்தளிப்பை அந்தச் சிறு விருந்து எழுப்பியது.

பந்தியின் பழைய விதிகள்

சாதி அமைப்பில் உணவு குறித்த விதிகள் மிக நுணுக்கமானவை. யார் சமைப்பது, யார் பரிமாறுவது, யார் அருகில் யார் அமர்வது, எந்தப் பந்தி முதலில், யார் இலை எடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் வரையறை இருந்தது. அரிசி, காய்கறி, தேங்காய் போன்ற சமைக்காத பொருள்களை எவரிடமிருந்தும் பெறலாம். சமைத்த சோற்றையும் தண்ணீரையும் தம்மைவிடத் தாழ்ந்தவராகக் கருதப்பட்டவரிடமிருந்து பெறக்கூடாது. இதனால் பல சாதியினரும் கூடும் விருந்துகளுக்குப் பிராமணச் சமையற்காரர்களையே அமர்த்தினார்கள். அவர்கள் சமைத்ததை எல்லோரும் உண்ணலாம் என்பதே காரணம். தமிழகத்து ஊர்களில் ‘பிராமணாள் கபே’ என்ற பெயர்ப்பலகைகள் தொங்கியதற்கும் இந்த வழக்கமே அடிப்படை.

கேரளத்தில் இந்த விதிகள் இன்னும் கடுமையாக இருந்தன. அங்கே தொட்டால் மட்டும் தீட்டு என்று நிற்காமல், நெருங்கினாலே தீட்டு என்ற வழக்கம் நிலவியது. இன்ன சாதியார் இன்ன சாதியாரிடமிருந்து இத்தனை அடி தொலைவில் நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. நெருங்கி நிற்கவே கூடாதவர்கள் அருகருகே அமர்ந்து உண்பது என்பது நினைத்தும் பார்க்க முடியாத ஒன்று.

அரசே நடத்திய பெரிய விருந்துகளும் இந்த வேலிக்கு உட்பட்டே நடந்தன. திருவிதாங்கூர் அரசு பிராமணர்களுக்கு இலவச உணவளிக்கும் ஊட்டுப்புரைகளைப் பல ஊர்களில் நடத்தியது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆறாண்டுகளுக்கு ஒருமுறை 56 நாட்கள் நடைபெறும் முறஜபச் சடங்கு, 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மர் காலத்தில் தொடங்கியது. வேதம் ஓத வந்த பிராமணர்களுக்கு அப்போது நாள்தோறும் விருந்து நடக்கும். அந்த விருந்துகளுக்கான நெல்லை விளைவித்த வயல்களில் உழைத்த புலையர்களுக்கு அந்தப் பந்தியில் இடம் இல்லை.

முன்னோடிகள்

செறாயிக்கு முன்பே ஒன்றாக உண்பதைச் சீர்திருத்தத்தின் கருவியாக்கியவர்கள் இருந்தார்கள். அவர்களில் மூவர் தமிழ் மரபுடன் தொடர்புடையவர்கள்.

அன்றைய தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் சாமித்தோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டர் (1809–1851), எல்லாச் சாதியினரும் நீர் எடுக்கும் முத்திரிக்கிணற்றை அமைத்தார். அதன் அருகிலேயே எல்லோரும் ஒன்றாகச் சமைத்து உண்ணும் வழக்கத்தையும் ஏற்படுத்தினார். நீரும் சோறும்தான் தீட்டு விதிகளின் மையம் என்பதால், அவ்விரண்டையுமே அவர் முதலில் பொதுவாக்கினார்.

வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கான நிலத்தைப் பார்வதிபுரம் ஊர்மக்கள் வழங்கினார்கள். சாதி, சமயம் பாராமல் பசித்து வந்த எவருக்கும் உணவு என்பது அங்கே விதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசியைப் பிணியாகக் கண்டு அதைப் போக்குவதே வள்ளலாரின் முதல் நோக்கம். சாதி வேறுபாடு அந்தச் சாலையின் வாசலில் தானாக உதிர்ந்தது.

மூன்றாமவர் தைக்காடு அய்யாவு சுவாமிகள் (1814–1909). தமிழரான இவர் திருவனந்தபுரத்தில் ஆங்கிலேய ரெசிடென்சியில் அலுவலராகப் பணியாற்றினார். சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் இவரிடம் யோகம் கற்றவர்கள். தைப்பூச நாளில் தம் இடத்தில் இவர் நடத்திய விருந்தில் பிராமணர்களுடன் அய்யன்காளியும் ஒரே பந்தியில் அமர்ந்தார் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இவை மூன்றும் ஓர் ஆன்மிக ஆளுமையைச் சுற்றி நடந்தவை. அந்த ஆளுமையின் மீதுள்ள பக்தி வந்தவர்களை ஒன்றாக அமர வைத்தது. செறாயியில் அப்படி ஒருவர் நடுவில் இல்லை. ஊரார் ஊராரோடு உண்ண வேண்டியிருந்தது.

செறாயியின் சூழல்

ஐயப்பன் 1889 ஆகஸ்ட் 21 அன்று செறாயியில் ஈழவக் குடும்பத்தில் பிறந்தார். திருவனந்தபுரத்தில் பட்டப்படிப்பை முடித்து ஊர் திரும்பிய அவர் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். இளமையிலேயே நாராயண குருவுடன் பழகும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. 1888இல் அருவிப்புறத்தில் சிவனை நிறுவியதன் வழியாக, பிராமணர் அல்லாதவர் தெய்வத்தை நிறுவக்கூடாது என்ற விதியை நாராயண குரு மீறியிருந்தார். 1903இல் எஸ்.என்.டி.பி. யோகம் உருவாகியது. ஈழவர்கள் கல்வியிலும் தொழிலிலும் முன்னேறத் தொடங்கினார்கள்.

அந்த முன்னேற்றத்தில் ஒரு முரண் இருந்தது. தங்களைக் கோயிலுக்குள் விடாத மேல்சாதியினரை எதிர்த்த ஈழவர்கள், தங்களுக்குக் கீழே வைக்கப்பட்ட புலையர்களைத் தங்கள் கோயில்களிலும் வீடுகளிலும் பள்ளிகளிலும் நெருங்க விடவில்லை. செறாயியில் ஈழவர்களின் விஞ்ஞானவர்த்தினி சபை நடத்திய கௌரீசுவரர் கோயிலை 1912இல் நிறுவியவர் நாராயண குருவே. அதே சபையினர்தான் பின்னர் மிசிரபோஜனத்தை முன்னின்று எதிர்த்தார்கள்.

புலையர்களின் நிலையைக் காட்ட ஒரு நிகழ்வு போதும். 1913இல் கொச்சியில் புலையர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைக்க விரும்பினார்கள். கூட்டம் நடத்த அவர்களுக்கு நிலத்தில் இடம் கிடைக்கவில்லை. காயல் எனப்படும் கடற்கழியில் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, நீரின்மேல் கூட்டம் நடத்தினார்கள். பண்டிட் கறுப்பன் அவர்களுக்குத் துணை நின்றார். ‘காயல் சம்மேளனம்’ என்று அது வரலாற்றில் பெயர் பெற்றது. கூடி நிற்கவே இடம் மறுக்கப்பட்ட மக்களைத் தம் ஊர்க்காரர்களுடன் உண்ண அழைப்பது என்று ஐயப்பன் முடிவு செய்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து.

விருந்து

பல சாதியினர் உண்ணும் ஒரு விருந்தை நடத்துவதற்கு முதல் தடை இடம். கோயில் வளாகமும் சாதிச் சபையின் கட்டடமும் இதற்குக் கிடைக்காது. ஆகவே ஐயப்பனும் நண்பர்களும் செறாயியில் துண்டிடப்பறம்பு என்னும் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பறம்பு என்பது வீட்டைச் சுற்றியுள்ள தோட்டநிலம். மூடிய அறைக்குள் நாலு பேர் ஒன்றாக உண்டால் அதை மறுத்துவிடலாம், மறைத்துவிடலாம். திறந்த தோட்டத்தில் நடக்கும் விருந்தை ஊரே காணும். யார் வந்தார், யார் அருகில் அமர்ந்தார் என்பது அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த வெளிப்படைத்தன்மைதான் அந்த விருந்துக்கு வலுவைத் தந்தது. பங்கேற்றவர்களுக்கு ஆபத்தைக் கொண்டுவந்ததும் அதுவே.

இரண்டாவது தடை ஆட்கள். புலையர்கள் அழைப்பை ஏற்பது எளிதல்ல. அவர்களில் பலர் ஈழவ நிலவுடைமையாளர்களிடமும் கூலி வேலை செய்தவர்கள். விருந்து முடிந்த மறுநாளும் அதே ஊரில் அதே மனிதர்களிடம் வேலை கேட்டுப் போக வேண்டியவர்கள். ஈழவர்களுக்கு இழப்பதற்குச் சாதி இருந்தது. புலையர்களுக்கு அன்றாடக் கூலியே இருந்தது. எனவே துணிவு ஒரு பக்கம் மட்டும் இருந்ததாகக் கருத முடியாது. அழைத்தவரின் பெயர் வரலாற்றில் நிலைத்திருக்கிறது. அழைப்பை ஏற்று வந்து அமர்ந்தவர்களின் பெயர்கள் பரவலாக அறியப்படவில்லை.

மூன்றாவது, உணவு. கேரளத்துச் சத்யை என்றால் பல வகைக் கறிகள், அப்பளம், பாயசம் என்று இலை நிறையும். செறாயியில் பரிமாறப்பட்டது சோறும், கடலையும் பலாக்கொட்டையும் சேர்த்து எண்ணெயில் புரட்டிய தொடுகறியும்தான். கேரளத்தில் மே மாதம் பலாப்பருவம். பலாக்கொட்டை எளியவர் வீட்டிலும் இருக்கும். எவருக்கும் புதிதல்லாத, எவரும் பெருமை பேச முடியாத உணவு அது. விருந்தின் சிறப்பு இலையில் என்ன இருந்தது என்பதில் இல்லாததால் எளிமை குறையாகவில்லை.

ஏறத்தாழ 200 பேர் அந்த நிகழ்வில் கலந்துகொண்டதாகக் கூறப்படுகிறது. ஈழவர்களும் புலையர்களும் கலந்து அமர்ந்து உண்டார்கள். அதே ஆண்டு ஐயப்பன் சகோதர சங்கத்தையும் ‘சகோதரன்’ என்ற இதழையும் தொடங்கினார். சாதி வேறுபாடு அறிவியலுக்கு ஒவ்வாதது, தீங்கானது, தேவையற்றது என்பது அந்தச் சங்கத்தின் நிலைப்பாடு. இதழின் பெயரே பின்னர் அவர் பெயருக்கு முன்னொட்டாக அமைந்தது.

எதிர்ப்பு

எதிர்ப்பு நம்பூதிரிகளிடமிருந்தோ நாயர்களிடமிருந்தோ முதலில் வரவில்லை. சொந்தச் சாதியிலிருந்தே வந்தது. விஞ்ஞானவர்த்தினி சபை, விருந்தில் கலந்துகொண்டவர்களைச் சமூகத்திலிருந்து விலக்கியது. சாதிவிலக்கம் என்பது அன்று வெறும் அவமதிப்பு அல்ல. திருமணத்திற்குப் பெண் கிடைக்காது, சாவுக்கு ஆள் வராது, ஊர்த் தொழிலாளர்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையே நின்றுபோகும். விலக்கத்தைத் தாங்க முடியாத சிலர் பரிகாரம் செய்துவிட்டுத் திரும்பச் சேர்ந்துகொண்டதும் உண்டு.

ஐயப்பனுக்குப் ‘புலையன் ஐயப்பன்’ என்று பெயர் வைத்தார்கள். வசையாக வைத்த அந்தப் பெயரை அவர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். அவர் பேசச் சென்ற இடங்களில் தொல்லைகள் தொடர்ந்தன. ஆயினும் கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் மலபாரிலும் பல இடங்களில் மிசிரபோஜனங்கள் நடைபெற்றன. செறாயியில் ஒருமுறை நடந்தது இயக்கமாக மாறியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேலே இருப்பவரிடம் உரிமை கேட்பது ஒரு சாதியை ஒன்றுதிரட்டும். கீழே வைக்கப்பட்டவருக்கு உரிமையைத் தருவது அதே சாதியைப் பிளக்கும். செறாயியில் ஐயப்பன் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி. தான் அனுபவிக்கும் மேன்மையை விட்டுக்கொடுக்காமல் தனக்குச் சமத்துவம் கேட்பதில் நேர்மை இல்லை என்பதே அந்த விருந்து சொன்ன செய்தி.

நாராயண குருவின் செய்தி

எதிர்ப்பாளர்கள் கையில் எடுத்த வலுவான ஆயுதம், குருவே இதை விரும்பவில்லை என்ற வதந்தி. ஈழவர்களிடையே குருவின் சொல்லுக்கு இருந்த மதிப்பு மிகப் பெரியது. ஐயப்பன் குருவைச் சென்று கண்டார். ஏசுநாதரைப் போலப் பொறுமை காக்கும்படி குரு அவருக்கு அறிவுரை சொன்னதாகக் கூறுவர். வதந்தி ஓயாததால், குரு தம் கைப்பட எழுதிய செய்தி ஒன்றை 1921இல் வழங்கினார். மனிதர்களின் மதமும் உடையும் மொழியும் எப்படி வேறுபட்டாலும் அவர்கள் அனைவரும் ஒரே இனம் என்பதால், அவர்கள் ஒன்றாக உண்பதிலும் தமக்குள் மணம் செய்துகொள்வதிலும் எந்தக் குற்றமும் இல்லை என்பது அதன் கருத்து.

உண்பதோடு மணத்தையும் குரு சேர்த்துச் சொன்னது குறிப்பிடத்தக்கது. பந்தி ஒரு தொடக்கம், அதற்கு அடுத்த படி ஒன்று உண்டு என்பதை அது உணர்த்தியது. ஐயப்பன் கருத்தளவில் குருவையும் தாண்டிச் சென்றவர். மனிதனுக்குச் சாதி, மதம், தெய்வம் மூன்றும் ஒன்றே என்ற குருவின் முழக்கத்தை, மூன்றுமே வேண்டாம் என்று அவர் மாற்றிக்கொண்டார். இந்த வேறுபாடு அவர்களுக்கிடையே இருந்த அன்பைக் குலைக்கவில்லை.

வைக்கத்தில் ஒரு சமையற்கூடம்

1924 மார்ச் 30 அன்று வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் தொடங்கியது. அது நடந்தபோது பஞ்சாபிலிருந்து வந்த அகாலி சீக்கியர்கள் வைக்கத்தில் ஓர் இலவசச் சமையற்கூடம் திறந்தார்கள். சீக்கிய மரபில் அதற்கு லங்கர் என்று பெயர். வந்தவர் அனைவரும் தரையில் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும் என்பது சீக்கிய குருமார்கள் காலத்திலிருந்து வரும் விதி. சாதி வரிசையைக் கலைப்பதற்கு அதைவிடப் பழகிய கருவி இந்தியாவில் வேறில்லை.

ஆனால் காந்தி அந்தச் சமையற்கூடத்தை ஏற்கவில்லை. போராட்டத்தை உள்ளூர் மக்கள் தங்கள் சொந்த வலுவில் நடத்த வேண்டும், வெளியாரின் இலவச உணவை எதிர்பார்ப்பது சத்தியாகிரகிகளின் தன்மதிப்பைக் குறைக்கும் என்பது அவர் வாதம். தீண்டாமையை ஒழிப்பது இந்துக்களின் கடமை என்றும் அவர் கருதினார். சமையற்கூடம் மூடப்பட்டது. அன்னதானத்திற்கும் சமபந்திக்கும் உள்ள எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது. சீக்கியர்கள் சமத்துவமாகக் கண்டதைக் காந்தி இரவலாகக் கண்டார்.

சேரன்மாதேவியின் இரண்டு இலைகள்

வைக்கத்தில் போராடிச் சிறை சென்ற பெரியார் ஈ.வெ. இராமசாமியும் அவரது தோழர்களும் தமிழகத்தில் எதிர்கொண்ட அடுத்த கேள்வி பந்தியைப் பற்றியது. வ.வே.சு. ஐயர் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பின்னர் சேரன்மாதேவிக்கு மாற்றிய குருகுலம், தேசியக் கல்விக்கான நிறுவனம். தமிழ்நாடு காங்கிரசு அதற்கு 10,000 ரூபாய் நன்கொடை தர முடிவு செய்து, முதற்கட்டமாக 5,000 ரூபாய் வழங்கியது. அங்கே பிராமண மாணவர் இருவருக்குத் தனியாக உணவு பரிமாறப்படுகிறது என்ற செய்தி வெளியானதும் பெரும் சர்ச்சை எழுந்தது. பெரியாரும் பி. வரதராஜுலு நாயுடுவும் அதை வன்மையாகக் கண்டித்தார்கள்.

ஐயர் தாமே எல்லோருடனும் அமர்ந்து உண்பவர். அந்த இரு மாணவர்களின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்பது அவர் நிலை. கொடுத்த வாக்குக்காக அந்த இருவரை விட்டுவிடலாம், இனி வரும் மாணவர்களுக்கு அப்படி வாக்களிக்கக் கூடாது என்று காந்தி சமரசம் சொன்னார். எதிர்த்தவர்களுக்கு அது போதவில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் இரண்டு இலைகள் தனியாக விழுந்தால், மற்ற எல்லா இலைகளும் தாழ்ந்தவை என்றாகிவிடும் என்பதே அவர்களின் வாதம். ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகளைக் காப்பாற்ற முயன்று நீரில் மூழ்கி இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்திற்கு இடம் மறுக்கப்பட்டபோது பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார்.

செறாயியில் கீழிருந்தவரை அழைத்து அருகில் அமர்த்தியதால் கலகம் பிறந்தது. சேரன்மாதேவியில் இருவரைத் தனியே அமர்த்தியதால் கலகம் பிறந்தது. எட்டே ஆண்டுகளில் பந்தியைப் பற்றிய எதிர்பார்ப்பு தலைகீழாக மாறியிருந்தது.

மாநாட்டுப் பந்தல்களில்

சுயமரியாதை இயக்கம் பந்தியைத் தன் நடைமுறையின் ஒரு பகுதியாக்கிக்கொண்டது. 1929 பிப்ரவரியில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கும் தீர்மானம் நிறைவேறியது. அங்கும் அடுத்து வந்த மாநாடுகளிலும் எல்லோருக்கும் ஒரே இடத்தில் உணவு என்பது விதியாக இருந்தது. பிராமணர் அல்லாதாரைச் சமையலுக்கு அமர்த்துவதும் திட்டமிட்டே செய்யப்பட்டது. அதுவரை ‘எல்லோரும் உண்ணலாம்’ என்பதற்குப் பிராமணச் சமையல் என்று பொருள் இருந்தது. அந்தப் பொருளை மாற்றாமல் பந்தியை மட்டும் ஒன்றாக்கினால் வேலை பாதியில் நின்றுவிடும். அமரும் வரிசையோடு அடுப்பங்கரையும் மாற வேண்டும் என்று இயக்கத்தினர் கண்டார்கள். இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் இருந்த வழக்கம், தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941இல் கைவிடப்பட்டது.

அம்பேத்கரின் கேள்வி

ஒன்றாக உண்டால் சாதி ஒழிந்துவிடுமா என்ற கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியவர் பி.ஆர். அம்பேத்கர். லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் 1936இல் தம் மாநாட்டுக்கு அவரைத் தலைமை தாங்க அழைத்தது. உரையின் சில பகுதிகளை ஏற்க முடியாமல் மாநாட்டையே கைவிட்டது. அந்த உரை ‘சாதி ஒழிப்பு’ என்ற நூலாக வெளிவந்தது. கலந்து உண்பதைத் தடை செய்யாத சாதிகள் பல உண்டு, அவர்களிடமும் சாதி உணர்வு அழியவில்லை என்று அவர் அதில் சுட்டிக்காட்டினார். இரத்தக் கலப்பே உறவுணர்வை உண்டாக்கும், எனவே கலப்பு மணமே மெய்யான மருந்து என்றார். அதற்கும் அடியில், சாதியைப் புனிதமாக்கும் சாத்திரங்களின் மீதான நம்பிக்கை தகர வேண்டும் என்றார்.

இந்த விமர்சனம் நியாயமானது. ஆண்டுக்கு ஒருநாள் ஒன்றாக அமர்ந்து உண்டுவிட்டு, மற்ற நாட்களில் தனித்தனித் தெருவில் வாழ முடியும். ஆயினும் செறாயியை இதனால் மட்டும் குறைத்து மதிப்பிட முடியாது. அங்கே பந்தியில் அமர்ந்ததற்கு விலை இருந்தது. விலை கொடுத்து அமரும் பந்தி, சாத்திரத்தின் மீதான அச்சத்தை உடைக்கும் செயலாகவே இருந்தது. விலை எதுவும் இல்லாத பந்தி சடங்காகிவிடுகிறது.

பிற்காலம்

சகோதரன் ஐயப்பன் கொச்சி சட்டமன்ற உறுப்பினராகவும், கொச்சியிலும் திருவிதாங்கூர்-கொச்சியிலும் அமைச்சராகவும் பணியாற்றினார். ‘சகோதரன்’ இதழ் 1956 வரை வெளிவந்தது. அவர் 1968 மார்ச் 6 அன்று மறைந்தார். செறாயியில் அவர் பிறந்த வீடு நினைவிடமாகப் பாதுகாக்கப்படுகிறது. 2017இல் மிசிரபோஜனத்தின் நூற்றாண்டு கேரளத்தில் கொண்டாடப்பட்டது.

தமிழ்நாட்டில் விடுதலை நாளிலும், அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3 அன்றும் கோயில்களில் அரசு சார்பில் பொது விருந்து நடைபெறுகிறது. அமைச்சர்களும் அதிகாரிகளும் மக்களுடன் அமர்ந்து உண்கிறார்கள். இதைவிட ஆழமான மாற்றத்தை உண்டாக்கியது பள்ளி மதிய உணவு. 1920இல் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, காமராசர் ஆட்சியில் 1956இல் விரிந்து, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. பசி தீர்க்கத் தொடங்கிய திட்டம், ஒவ்வொரு பள்ளி நாளிலும் பல சாதிப் பிள்ளைகளை ஒரே வரிசையில் அமர வைத்தது.

ஆனாலும் பழைய விதிகள் முழுதாகப் போய்விடவில்லை. பட்டியல் சாதிப் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று பெற்றோர் தடுத்த நிகழ்வுகள் அவ்வப்போது செய்தியாகின்றன. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அப்படி நடந்தபோது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. அமரும் வரிசையில் தோற்றுப்போன விதி அடுப்பங்கரையில் ஒதுங்கி நிற்கிறது என்பதை இவை காட்டுகின்றன.

ஒரு பொது விருந்தின் வெற்றியை எத்தனை பேர் உண்டார்கள், எத்தனை மூட்டை அரிசி செலவானது என்று கணக்கிடுவது எளிது. செறாயியின் விருந்து அந்தக் கணக்கில் மிகச் சிறியது. யார் சமைத்தார், யார் பரிமாறினார், யார் அருகில் யார் அமர்ந்தார், மறுநாள் அவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி எதிர்கொண்டார்கள் என்பது வேறொரு கணக்கு. செறாயி மிசிரபோஜனம் இன்றும் நினைக்கப்படுவது அந்த இரண்டாவது கணக்கினால்தான்.